ஈரல் கட்டியை ஊசியால் சுட்டு அழிக்கும் வைத்தியம்



கொஞ்ச நாளாக லயத்துப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு கேள்வியைக் கேட்கிறார்கள். "ஈரல் கான்சருக்கு இப்ப வெட்டாம, ஊசியைக் குத்திச் சூடு வைக்கிறாங்களாமே, அது மெய்யா?" என்று. மெய்தான். ஆனால் எல்லாருக்கும் அதைச் செய்ய முடியாது. கட்டி சின்னதாக இருக்கும்போதே கண்டுபிடிக்கப்பட்டவர்களுக்குத்தான் அந்த வழி திறந்திருக்கும். அது என்ன வைத்தியம், எப்படிச் செய்கிறார்கள், அதற்கு நாம் முன்கூட்டியே என்ன செய்ய வேண்டும் என்பதை இம்முறை விளக்கமாகப் பார்ப்போம். வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் வீட்டுப் பெரியவங்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

ஈரலும் அதில் வரும் கட்டியும்

ஈரல் நமது வலது பக்க விலா எலும்புகளுக்கு உள்ளே இருக்கிறது. பெரிய ஆளுக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ நிறை. சாப்பிட்டதைச் சத்தாக மாற்றிச் சேமித்து வைப்பது, ரத்தத்தில் சேரும் நஞ்சை முறிப்பது, பித்தம் சுரப்பது, காயம் பட்டால் ரத்தம் உறையத் தேவையானதைச் செய்து கொடுப்பது, இவை எல்லாம் அதன் வேலை. பாதி பழுதானாலும் ஈரல் சத்தம் போடாது. இருக்கிற பாதியை வைத்துக்கொண்டு வேலையைச் செய்துகொண்டே இருக்கும். அதனால்தான் ஈரல் நோய் பிந்தித் தெரிய வருகிறது.

வருசக்கணக்காகக் காயப்பட்டு வந்த ஈரலில் தழும்பு விழுந்து, அது இறுகி, கரடுமுரடாகிப் போகும். டொக்டர்மார் இதைச் சிரோசிஸ் என்பார்கள். நாம் ஈரல் சுருக்கம் என்று சொல்லலாம். ஈரலிலேயே உண்டாகும் புற்றுநோய் பெரும்பாலும் இப்படிச் சுருங்கிய ஈரலில்தான் முளைக்கிறது.

ஈரல் சுருங்குவதற்குக் காரணம் என்ன? கசிப்பும் சாராயமும் ஒரு காரணம். ஹெபடைடிஸ் பி, சி என்னும் வைரஸ் கிருமிகள் இன்னொரு காரணம். சீனி வருத்தமும் ஈரலில் படியும் கொழுப்பும் மூன்றாவது காரணம். உலகத்தில் பல நாடுகளில் வைரஸ்தான் முதல் காரணம். நமது நாட்டில் அந்த வைரஸ் குறைவு. இங்கே கூடுதலாகக் காண்பது குடியாலும் கொழுப்பாலும் வரும் ஈரல் நோய்.

இதை நன்றாகக் கவனிக்க வேண்டும். ஈரல் நோய் என்றதும் "குடிகாரன் வருத்தம்" என்று பேசுவது நம்மிடையே வழக்கம். அந்தப் பேச்சுக்குப் பயந்தே சிலர் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. வாழ்நாளில் ஒரு சொட்டும் குடிக்காத, மலையில் கொழுந்து பறிக்கிற அம்மாமாருக்கும் சீனி வருத்தத்தின் வழியாக இந்த நோய் வரலாம். வந்தவரைக் குற்றம் சொல்லிப் பயன் இல்லை. குடித்து வந்த நோயானாலும் அது நோய்தான், அதற்கும் வைத்தியம் வேண்டும்.

வெட்டி எடுத்தால் என்ன?

நல்ல ஈரலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தாலும் மிச்சம் வளர்ந்து இடத்தை நிரப்பிவிடும். ஆனால் சுருங்கிய ஈரலுக்கு அந்தப் பலம் இல்லை. கட்டியோடு சேர்த்து ஒரு துண்டை எடுத்தால், மிச்சம் இருப்பது வேலையைத் தாங்காமல் போகலாம். ஈரலையே மாற்றி வேறு ஈரல் வைக்கும் சத்திர சிகிச்சையும் உண்டு. அதற்கு ஈரல் கொடுக்க ஆள் வேண்டும், நோயாளியின் உடம்பும் தாங்க வேண்டும். ஆகவே ஈரலில் மிச்சம் உள்ள நல்ல பகுதியைத் தொடாமல் கட்டியை மட்டும் அழிக்க வழி உண்டா என்று வைத்தியர்கள் தேடினார்கள்.

1980களில் ஜப்பானிலும் இத்தாலியிலும் மெல்லிய ஊசி வழியாகச் சுத்தமான அற்ககோலைக் கட்டிக்குள் செலுத்திப் பார்த்தார்கள். சின்னக் கட்டிகள் செத்தன. (இதைக் கேட்டு யாரும் தவறணைப் பக்கம் போய்விட வேண்டாம். ஊசியில் போவது கட்டிக்குள் மட்டும் போகிறது, குடிப்பது ஈரல் முழுவதற்கும் போகிறது.) ஆனால் அற்ககோல் கட்டிக்குள் எல்லா மூலைக்கும் ஒரே மாதிரி ஊறுவதில்லை. பல தடவை குத்த வேண்டியிருந்தது. அதன் பிறகுதான் சூடு வந்தது.

சூடு எப்படி உண்டாகிறது?

நமது வீட்டுக்கு வரும் கரண்ட் செக்கனுக்கு 50 தடவை முன்னும் பின்னுமாகப் போய் வருகிறது. அதைத் தொட்டால் நரம்பும் தசையும் இழுத்துக்கொள்ளும், உயிரே போகும். பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி டார்சோன்வால் 1891இல் ஒரு விசயத்தைக் காட்டினார். மிக மிக வேகமாகத் திசை மாறும் கரண்டை உடம்புக்குள் விட்டால் தசை இழுப்பதில்லை, சூடு மட்டும் உண்டாகிறது. ஏறக்குறைய நூறு வருடம் கழித்து, 1990இல், இத்தாலியில் ஒரு குழுவும் அமெரிக்காவில் ஒரு குழுவும் தனித்தனியாக, இந்தக் கரண்டை ஊசி வழியாக மிருகங்களின் ஈரலுக்குள் விட்டுச் சோதித்தார்கள். சில வருடத்துக்குள்ளேயே நோயாளிகளுக்கும் செய்யத் தொடங்கினார்கள்.

இந்த மெசினில் கரண்ட் செக்கனுக்கு நாலு லட்சம், ஐந்து லட்சம் தடவை முன்னும் பின்னுமாகப் போய் வரும். ஊசி நுனியைச் சுற்றியுள்ள சதையில் இருக்கும் உப்புத் துகள்கள் அதோடு சேர்ந்து அங்குமிங்கும் ஆடி, ஒன்றோடொன்று உரசும். குளிருக்குக் கையோடு கை தேய்த்தால் சூடு வருகிறதல்லவா, அது மாதிரி. ஊசி நெருப்பில் காய்ச்சியது அல்ல. சூடு கட்டியின் உள்ளேயே பிறக்கிறது.

50 பாகை செல்சியஸ் சூட்டில் உடம்பின் செல்கள் சில நிமிடத்தில் சாகும். 60 பாகைக்கு மேலே உடனே சாகும், முட்டையின் வெள்ளை வெந்து இறுகுவதைப் போல. அப்படியென்றால் சூட்டை இன்னும் ஏற்றினால் நல்லதுதானே என்று தோன்றும். இல்லை. ஸ்டோரில் வேலை செய்கிறவர்களுக்கு இது விளங்கும். ட்ரையரில் சூடு கூடிப்போனால் இலையின் மேல்புறம் சட்டென்று காய்ந்து, உள்ளே ஈரம் நின்றுவிடும். அந்தத் தேயிலை நிற்காது. இங்கேயும் அதே கதைதான். 100 பாகையைத் தாண்டினால் ஊசியைச் சுற்றியுள்ள சதை கொதித்துக் கருகிவிடும். கருகிய சதை வழியாகக் கரண்ட் போகாது. வெளி ஓரத்தில் உள்ள கட்டி தப்பிவிடும். அதனால் சூட்டைப் பதமாக, மெதுவாகப் பரப்புகிறார்கள். சில ஊசிகளுக்குள்ளே குளிர்ந்த தண்ணீர் ஓடும்படி செய்திருக்கிறார்கள், நுனி கருகாமல் இருப்பதற்கு. சில ஊசிகள் உள்ளே போனதும் குடைக்கம்பி மாதிரி விரியும்.

இன்னொரு முறை மைக்ரோவேவ். கடைகளிலும் பங்களாக்களிலும் சாப்பாடு சூடாக்கும் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். அதே வகை அலையை ஊசி நுனியிலிருந்து வெளிவிடுகிறார்கள். ஜப்பானில் 1994இல் ஈரல் கட்டிக்குத் தோல் வழியாக இதைச் செய்தது பற்றி எழுதினார்கள். இது இன்னும் வேகமாகச் சூடேறும்.

கட்டியை மட்டும் சுட்டால் போதாது. தேயிலையில் வேர் நோய் கண்டால் என்ன செய்கிறோம்? பட்ட செடியோடு சேர்த்து, சுற்றிலும் பச்சையாக நிற்கும் செடிகளிலும் ஒரு சுற்றைப் பிடுங்கச் சொல்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாமல் நோய் அங்கேயும் போயிருக்கலாம். அது மாதிரி, கட்டியைச் சுற்றி அரை முதல் ஒரு சென்ரிமீட்டர் அளவு நல்ல ஈரலையும் சேர்த்தே சுடுகிறார்கள்.

ஆஸ்பத்திரியில் என்ன நடக்கும்?

முதலில் ரத்தம் பார்ப்பார்கள். ஈரல் எவ்வளவு பலமாக இருக்கிறது, ரத்தம் சரியாக உறைகிறதா என்று தெரிய வேண்டும். நெஞ்சு வருத்தத்துக்கு அஸ்பிரின் மாதிரி மாத்திரை போடுகிறவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். நீங்களாக அதை நிறுத்தவும் கூடாது, டொக்டர் சொன்னபடி செய்யுங்கள்.

அன்றைக்கு வெறும் வயிற்றோடு இருக்கச் சொல்வார்கள். தோலை மரக்கச் செய்து, தூக்க மருந்து கொடுத்துச் செய்வதும் உண்டு. முழு மயக்கம் கொடுத்துச் செய்வதும் உண்டு. ரேடியோ அலைக் கரண்ட் என்றால் இரண்டு தொடையிலும் பெரிய ஒட்டுத் தகடு ஒட்டுவார்கள். கரண்ட் அந்த வழியாகத் திரும்பிப் போகும். பிறகு கர்ப்பிணிகளுக்குப் பார்ப்பார்களே, அந்த மாதிரி ஸ்கேன் படத்தைப் பார்த்துக்கொண்டே, அல்லது சீ.டி. ஸ்கேன் உதவியோடு, ஊசியைக் கட்டிக்குள் கொண்டுபோவார்கள். ஊசியின் கனம் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர்தான். ஒரு கட்டியைச் சுடப் பெரும்பாலும் பத்து நிமிடம் முதல் அரை மணித்தியாலம் வரை போகும். ஊசியை வெளியே எடுக்கும்போது அது வந்த வழியையும் சுட்டுக்கொண்டே எடுப்பார்கள். ரத்தம் கசியாமலும், கட்டியின் செல் வழியில் ஒட்டாமலும் இருப்பதற்கு அது. "ஊசி குத்தினா புத்து பரவும்" என்று சொல்றாங்களே, அந்தப் பயத்துக்கு வைத்தியர்கள் செய்து வைத்திருக்கும் காவல் இதுதான். அப்படிப் பரவுவது நடக்காதது அல்ல, ஆனால் அபூர்வம்.

தையல் இல்லை. சின்னக் கட்டு மட்டும். சாதாரணமாக ஒன்றிரண்டு நாளில் வீட்டுக்கு விடுவார்கள். அதன் பிறகு சில நாளைக்கு இலேசான காய்ச்சல், உடம்பு அசதி, வலது பக்கம் நோவு இருக்கலாம். அது வழக்கம்தான். ஆனால் நடுக்கத்தோடு கடும் காய்ச்சல் வந்தாலோ, ஒரு வாரம் கடந்தும் காய்ச்சல் விடாவிட்டாலோ, வயிறு கல்லு மாதிரி இறுகி வலித்தாலோ உடனே திரும்பிப் போக வேண்டும். சுட்ட இடத்தில் சீழ் பிடித்திருக்கலாம்.

"செத்த கட்டி எங்கே போகும்?" என்று கேட்பார்கள். எங்கும் போகாது. உள்ளேயே தழும்பாகிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும். ஏறக்குறைய ஒரு மாதத்தில் மருந்தேற்றி மறுபடி ஸ்கேன் செய்து, உயிருள்ள மிச்சம் ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் மறுபடியும் சுடலாம்.

யாருக்குப் பொருந்தும்?

கட்டி ஒன்றாக இருந்து 2 சென்ரிமீட்டருக்கு உள்ளே இருந்தால் மிக நல்லது. மூன்று கட்டிக்கு மேற்படாமல், ஒவ்வொன்றும் 3 சென்ரிமீட்டருக்குள் இருந்தாலும் செய்யலாம். அதற்கு மேலே போகப் போக ஓரத்தில் மிச்சம் நிற்கும் ஆபத்து கூடும். 3 சென்ரிமீட்டர் என்றால் ஒரு பெரிய ஜம்புக்காய் அளவு கூட இல்லை. அந்த அளவில் வலிக்காது, தடவினால் கைக்குத் தட்டுப்படாது.

கட்டி இருக்கும் இடமும் முக்கியம். தண்ணி ஓடுகிற கான் ஓரத்தில் குப்பைக்குத் தீ வைத்தால் ஈரப் பக்கம் எரியாமல் கிடக்கும். அது மாதிரி பெரிய ரத்தக் குழாய்க்குப் பக்கத்தில் உள்ள கட்டியில் ஓடும் ரத்தம் சூட்டை இழுத்துக்கொண்டு போய்விடும். பித்தப்பை, குடல் இவற்றை ஒட்டி இருந்தால் அவை வெந்துவிடக்கூடாது என்று பார்க்க வேண்டும். வயிற்றில் நீர் கட்டி, கண் மஞ்சளாகி, ஈரல் மிகவும் தளர்ந்துபோன நிலையில் இதைச் செய்வது பெரும்பாலும் கடினம். இப்படிப்பட்டவர்களுக்கு வேறு வைத்தியம் உண்டு, வேதனையைக் குறைக்கவும் வழி உண்டு. கைவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம்.

பலன் எவ்வளவு, ஆபத்து எவ்வளவு?

இத்தாலியில் 2 சென்ரிமீட்டருக்குள் கட்டி இருந்த 218 பேருக்கு இந்த வைத்தியம் செய்து 2008இல் எழுதினார்கள். நூற்றுக்கு 97 பேருக்கு அந்தக் கட்டி முழுதாகச் செத்து அப்படியே நின்றது. வெட்டுவதா, சுடுவதா என்று சீனாவிலும் பார்த்தார்கள். 2006இல் வந்த 180 பேரின் ஆராய்ச்சியில் உயிரோடு இருந்த காலத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. 2010இல் வந்த இன்னொன்றில் வெட்டி எடுத்தவர்களே கூடுதல் காலம் இருந்தார்கள். ஆகவே சின்னக் கட்டிக்கு இரண்டும் நல்ல வழிதான். கட்டி பெரிதாகி, ஈரலும் பலமாக இருந்தால் வெட்டுவதையே டொக்டர் விரும்பலாம்.

ஆபத்து இல்லாத வைத்தியம் இல்லை. இத்தாலியில் 41 ஆஸ்பத்திரிகளில் 2,320 பேருக்குச் செய்ததைக் கணக்கெடுத்து 2003இல் எழுதினார்கள். 6 பேர் இறந்தார்கள். இன்னும் 50 பேருக்கு ரத்தக் கசிவு, சீழ், குடலில் காயம் போன்ற பெரிய சிக்கல்கள் வந்தன. மற்றப் பெரும்பாலானோர் நல்லபடியாக வீட்டுக்குப் போனார்கள்.

இதில் மறைக்கக்கூடாத ஒன்றும் உண்டு. சுட்ட கட்டி செத்தாலும் சுருங்கிய ஈரல் அப்படியேதான் இருக்கிறது. ஐந்து வருடத்துக்குள் நூற்றுக்கு எழுபது பேர் வரைக்கும் அதே ஈரலில் வேறு இடத்தில் புதுக் கட்டி முளைக்கலாம். வெட்டி எடுத்தவர்களுக்கும் இதே நிலைதான். அதனால் "சுகமாயிட்டேன்" என்று கிளினிக் கொப்பியைத் தூக்கிப் போடக்கூடாது. திரும்ப வந்தாலும் சின்னதாக இருக்கும்போதே கண்டால் திரும்பவும் சுட முடியும்.

கையில் போடும் சூடு வேறு

செங்கண்மாரி கண்டால் கையில் சூடு போடும் வழக்கம் நம்மவர்களிடம் இன்னும் முழுதாக மறையவில்லை. "ஆஸ்பத்திரியிலயும் சூடுதானே வைக்கிறாங்க, அப்ப நம்ம பெரியவங்க செஞ்சது சரிதானே" என்று ஒருவர் என்னிடமே கேட்டார். பெரியவர்களைக் குறை சொல்ல வரவில்லை. அவர்கள் காலத்தில் வேறு வழி இருக்கவில்லை. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. கையில் போடும் சூடு தோலோடு நின்றுவிடும், ஈரலுக்குப் போகாது. பலவகைச் செங்கண்மாரி தானாகவே இறங்கும். அப்போது சூடு போட்டதால் இறங்கியது என்று நினைக்கிறோம். இறங்காத செங்கண்மாரிக்குப் பின்னால் பித்தக்கல், ஈரல் சுருக்கம், கட்டி ஏதாவது இருக்கலாம். சூட்டுப் புண் ஆறும்வரை பார்த்துக்கொண்டிருக்கும் அந்த நாட்கள்தான் பெரிய நட்டம்.

வருசத்துக்கு இரண்டு நாள்

ஈரல் சுருக்கம் உள்ளவர்கள் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஈரல் ஸ்கேன் செய்ய வேண்டும் என்பது உலகமெங்கும் உள்ள வைத்தியர்கள் சொல்வது. ஏன் ஆறு மாதம்? இந்தக் கட்டி சராசரியாக நாலைந்து மாதத்தில் பருமனில் இரண்டு மடங்காகிறது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பார்த்தால் அது 3 சென்ரிமீட்டரைத் தாண்டுவதற்கு முன்னே பிடிக்க வாய்ப்பு உண்டு. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் வாய்ப்புக் குறைவு.

நமது சிரமம் எனக்குத் தெரியும். கிளினிக் போனால் அன்றைக்குப் பேர் போடுவதில்லை. இரண்டு பஸ் மாற வேண்டும். போய் வரிசையில் நின்றால் ஸ்கேனுக்கு வேறொரு திகதி கொடுத்து அனுப்புவார்கள். "வலி ஒண்ணும் இல்லையே, எதுக்கு ஒரு பேரை இழக்கணும்" என்ற எண்ணம் வருவது இயல்பு. ஆனால் கணக்குப் பாருங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன் என்றால் வருசத்துக்கு இரண்டு நாள். அந்த இரண்டு நாளை மிச்சம் பிடித்து, வலி வந்த பிறகு போனால், ஊசியால் முடியும் வைத்தியம் கைநழுவிப் போயிருக்கும். அரசாங்க ஆஸ்பத்திரியில் கிளினிக்குக்குக் காசு இல்லை.

ஆகவே கீழ்க்கண்டவற்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. ஈரல் சுருக்கம் என்று சொல்லப்பட்டவர்கள், ஹெபடைடிஸ் பி அல்லது சி இருப்பவர்கள், "எனக்கு எப்ப ஸ்கேன்?" என்று ஒவ்வொரு கிளினிக்கிலும் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

2. சீனி வருத்தம் உள்ளவர்கள், நெடுநாள் குடித்தவர்கள், ஈரலையும் ஒரு தடவை பார்க்க வேண்டுமா என்று டிஸ்பென்சரியிலோ ஆஸ்பத்திரியிலோ விசாரியுங்கள்.

3. குடியை நிறுத்துங்கள். சுருக்கம் தொடங்கிய பிறகு நிறுத்தினாலும் பலன் உண்டு. திடீரென்று நிறுத்தும்போது கை நடுக்கம், குழப்பம் வந்தால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

4. குழந்தைகளுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி 2003ஆம் ஆண்டிலிருந்து நமது நாட்டில் கொடுக்கப்படுகிறது. இப்போது 2, 4, 6 மாதங்களில் மற்ற ஊசியோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள். மருத்துவிச்சி அம்மா சொல்லும் திகதியைத் தவற விடாதீர்கள்.

5. பூஞ்சணம் பிடித்த கச்சான், சோளம் சாப்பிட வேண்டாம். அதில் உண்டாகும் நஞ்சு ஈரலைக் கெடுக்கும்.

6. ஈரல் வருத்தம் உள்ளவர்கள் கடையில் கிடைக்கும் வலி மாத்திரையையும், இன்னதென்று தெரியாத கசாயத்தையும் டொக்டரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம்.

7. ரத்த வாந்தி, தார் மாதிரிக் கறுப்பாக மலம் போவது, நினைவு தடுமாறுவது, இவை வந்தால் காத்திருக்கக் கூடாது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். பாதை கெட்டு வண்டி லயம் வரை வர முடியாத இடங்களில் எந்தச் சந்தியில் நிற்பது என்பதைப் போனிலேயே தெளிவாகச் சொல்லுங்கள்.

கிளினிக் திகதி கிடைத்ததும் வெளிக்கள உத்தியோகத்தருக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கடிதம் தேவையென்றால் கொப்பியோடு எனது காரியாலயத்துக்கு வாருங்கள், எழுதித் தருகிறேன். தனியே போகப் பயப்படுகிற வயதானவர்கள் ஒரே நாளில் திகதி உள்ள பக்கத்து லயத்து ஆளோடு சேர்ந்து போகலாம். அடுத்த ஸ்கேன் திகதியை வீட்டுக் கலண்டரில் பிள்ளைகளைக் கொண்டு பெரிதாக எழுதி வையுங்கள்.